தொடாக்காஞ்சி முதல் அவசரப் பிரிவு வரை: மருத்துவமனைக் கதையின் நிலைபேறு

(வட்டத்தின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோர்ட்டுப் படியும் ஆஸ்பத்திரிப் படியும் ஏறாமல் காலம் கழிய வேண்டும் என்பது ஊர்ப்புறத்துப் பெரியவர்களின் வேண்டுதல். மருத்துவமனைக்குள் விரும்பிச் செல்பவர் எவருமிலர். அதன் மருந்து நெடியும், தாழ்வாரத்து விளக்கொளியும், கதவுக்கு அப்பால் நடப்பது தெரியாமல் காத்திருக்கும் நேரமும் எவருக்கும் உவப்பானவை அல்ல. ஆனால் அதே மருத்துவமனை கதையாகித் திரையில் வரும்போது மக்கள் வேலையைப் போட்டுவிட்டு அமர்ந்து பார்க்கிறார்கள். ஆண்டுகள் பல கடந்த பின்னும் மறுபடி பார்க்கிறார்கள். வாழ்வில் அஞ்சி ஒதுங்கும் இடத்தைக் கதையில் தேடிச் செல்வது ஏன்? இவ்வுரை ஆராயப் புகுவது இந்த வினாவையே.

ஆய்வுக்கு இரண்டு படைப்புகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, 1962-இல் வெளிவந்த ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்னும் தமிழ்த் திரைப்படம். மற்றொன்று, 1994 முதல் 2009 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘ஈ.ஆர்.’ என்னும் தொடர்; அவசர சிகிச்சை அறை என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அதன் பெயர். ஒன்று மூன்று மணி நேரத்துக்குள் அடங்கும் காதற்கதை. மற்றொன்று பதினைந்து ஆண்டுகள் நீண்ட பணிக்கதை. இரண்டும் மருத்துவமனையை விட்டுப் பெரிதும் வெளியேறாதவை. இரண்டும் தம் காலத்தைத் தாண்டி நிற்பவை.

தகடூர் மண்ணில் ஒரு பழைய அறை

இவ்விரண்டுக்கும் முன்னரே, மிக முன்னரே, தமிழில் ஓர் ‘அவசர அறை’ இருந்தது. புறநானூற்றின் 281-ஆம் பாடல் அரிசில் கிழார் பாடியது. போர்க்களத்தில் பெரும்புண் பட்ட தலைவனை வீட்டில் கிடத்தியிருக்கிறார்கள். இரவமும் வேம்பும் மனையில் செருகப்படுகின்றன; யாழும் பல இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன; வெண்கடுகு தூவப்படுகிறது; குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை இட்டு, அவன் புண்ணைக் காப்போம் வாருங்கள் என்று ஒரு பெண் தோழியரை அழைக்கிறாள்.

புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாமல் மனைவி காக்கும் நிலையைத் தொல்காப்பியம் காஞ்சித்திணையின் ஒரு துறையாகவே வைத்திருக்கிறது. தொடாக்காஞ்சி என்பது அதன் பெயர். நிலையாமையைப் பாடும் திணையில் இத்துறை இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. அந்த மனையில் எல்லாச் செயலும் நடக்கின்றன. ஆனால் அவன் பிழைப்பானா என்பதைப் பாடல் சொல்வதில்லை. காத்தல் மட்டுமே பாடப்படுகிறது. முடிவு பாட்டுக்கு வெளியே விடப்படுகிறது.

அரிசில் கிழார் இம்மண்ணுக்கு அயலாரும் அல்லர். தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர் அவரே. அத்தகடூரே இன்றைய தருமபுரி. நெடிய வாழ்வு தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது அவ்வைக்கு அளித்த அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊரும் இதுவே. ஆக, தகடூரைச் சூழ்ந்த பாட்டு மரபில் போரும் உண்டு. உயிர் காக்கும் பொருளைப் பிறர்க்கு ஈந்த செயலும் உண்டு. மருத்துவமனைக் கதையின் ஈர்ப்பை இவ்வூர்ப் பக்கத்தில் நின்று பேசுவது பொருந்தாத செயலன்று.

ஆலயமான மருத்துவமனை

‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தின் கதை சிறியது. வேணு என்னும் இளைஞன் புற்றுநோயுடன் மருத்துவமனைக்கு வருகிறான். உடன் வருபவள் அவன் மனைவி சீதா. அறுவை செய்ய வேண்டிய மருத்துவர் முரளியோ சீதாவின் பழைய காதலன். இதை அறிய நேரும் கணவன், தான் இறந்துவிட்டால் மனைவி அந்த மருத்துவரை மணக்க வேண்டும் என்று கேட்கிறான். மருத்துவர் இரவுபகல் உழைத்து அவனைக் காப்பாற்றுகிறார்; அந்த உழைப்பிலேயே தம் உயிரை விடுகிறார். முத்துராமனும் தேவிகாவும் கல்யாண்குமாரும் இம்மூவர்.

பெரும் பொருட்செலவோ வெளிப்புறக் காட்சிகளோ இன்றி, கதையின் பெரும்பகுதி ஒரே மருத்துவமனை அரங்கில் எடுக்கப்பட்டது. அக்காலத் தமிழ்ப் படத்துக்கு இது துணிச்சலான செயல். வின்சென்ட்டின் ஒளிப்பதிவு, தாழ்வாரத்தையும் கட்டிலையும் சன்னலையும் கொண்டே அழகை உண்டாக்கிற்று. கணவன் மறுமணம் பற்றிப் பேசிய பின் மனைவி பாடும் பாடல் அந்த அறையின் சுவர்களை விட்டு வெளியேறுவதில்லை. மலையும் அருவியும் தேடிப் போகாத அப்பாடலே கண்ணதாசனின் சொல்லாலும் விசுவநாதன் – ராமமூர்த்தியின் இசையாலும் தலைமுறைகளைக் கடந்து நிற்கிறது. அடுத்த ஆண்டே, 1963-இல், ஸ்ரீதர் இக்கதையை இந்தியில் ‘தில் ஏக் மந்திர்’ என எடுத்தார். பின்னர்த் தெலுங்கிலும் மலையாளத்திலும் அது போயிற்று. மொழி மாறியும் கதை சிதையவில்லை. ஏனெனில் நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிற்பவர்களின் மனநிலை எம்மொழியினர்க்கும் ஒன்றே.

அக்காலச் சூழலும் இங்கு நினைக்கத்தக்கது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, பல்லாண்டு முயன்று சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தது 1954-இல். எட்டு ஆண்டுகளே கழிந்திருந்த நிலையில் இப்படம் வந்தது. அந்நோயின் பெயரை வீட்டில் உரக்கச் சொல்லவே அஞ்சிய காலம். அச்சொல்லைத் திரையரங்கில் ஆயிரம் பேர் நடுவே கேட்டு, நாயகன் பிழைப்பதையும் கண்டு வெளிவந்தவர்க்கு அது கதை கடந்த ஓர் ஆறுதல். படத்தின் நிலைபேற்றுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. இப்படத்தில் மருத்துவமனை என்பது தியாகம் நிகழும் பீடம். பெயரிலேயே ஆலயம் இருக்கிறது. மருத்துவர் தெய்வமாகிறார், தெய்வமாவதற்கு மடிகிறார். அங்கே நாள்தோறும் நடக்கும் வேலை பின்புறத்தில் மங்கித் தெரிகிறது. நாகேஷ் மருத்துவமனைப் பணியாளராக வருகிறார். மனோரமாவோடு சேர்ந்து சிரிக்க வைக்கிறார். சிரிப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கட்டிலைத் தள்ளுபவனுக்கும் அழுக்குத் துணி மாற்றுபவளுக்கும் கதையில் கிடைத்த இடம் அந்தச் சிரிப்பு மட்டுமே.

இருபதாண்டு காத்திருந்த எழுத்து

‘ஈ.ஆர்.’ தொடரின் பிறப்பே ஒரு பாடம். மைக்கேல் கிரைட்டன் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பயின்று 1969-இல் பட்டம் பெற்றவர். மருத்துவத் தொழிலுக்குச் செல்லாமல் எழுத்துக்கு வந்தவர். மாணவராக அவசரப் பிரிவில் கண்டவற்றைக் கொண்டு 1974-இல் ஒரு திரைக்கதை எழுதினார். அதை எவரும் எடுக்க முன்வரவில்லை. பாத்திரங்கள் மிகுதி, நிகழ்ச்சிகள் மிகுதி, வேகம் மிகுதி, மருத்துவச் சொற்கள் மிகுதி. கதை என்று ஒன்றைத் தனியே பிரித்துக் காட்ட முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின், ‘ஜுராசிக் பார்க்’ படத்தால் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கோடு சேர்ந்து உலகப் புகழ் பெற்றபோதுதான் அது வெளிச்சம் கண்டது. சில பாத்திர மாற்றங்கள் நீங்கலாக, 1974-இல் எழுதியதே பெரும்பாலும் அப்படியே 1994 செப்டம்பர் 19 அன்று ஒளிபரப்பாயிற்று. குறை என்று தள்ளப்பட்டவை யாவும் சிறப்பு என்று கொள்ளப்பட்டன. கையெழுத்துப் படி திரும்பி வந்த கவிஞர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அவர்க்கு இச்செய்தி ஓர் ஆறுதல்.

சிக்காகோ நகரத்து ஏழை எளியவர்க்கான பொது மருத்துவமனை ஒன்றைக் கற்பனையாகப் படைத்து, அதன் அவசரப் பிரிவில் கதையை அமைத்தார்கள். 15 பருவங்கள், 331 பகுதிகள். ஒரு பகுதியில் பல நோயாளிகள் வருவர். ஒருவர் கதை முடியும் முன் அடுத்தவரின் தள்ளுகட்டில் கதவை இடித்துக்கொண்டு வரும். ஒளிப்படக் கருவி மருத்துவர்களோடு ஓடும், நிற்காது. அவர்கள் பேசும் மருத்துவச் சொற்கள் விளக்கப்படுவதில்லை. பார்ப்பவர்க்குப் பாதி புரியாது. ஆனால் அந்தப் பேச்சின் விரைவிலிருந்தே நோயாளியின் நிலை புரியும். பொருள் விளங்கும் முன்னரே ஓசையால் உணர்வு விளங்குவது செய்யுளின் இயல்பு அல்லவா? கவிஞர்கள் அறிந்த அந்த வழியைத் தொலைக்காட்சி அறிந்துகொண்டது.

நோயாளியின் அளவும் நோயின் அளவும் காலமும் கருதியே மருத்துவன் செயற்பட வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. இம்மூன்றில் காலமே அவசரப் பிரிவில் தலைமை பெறுகிறது. மற்ற மருத்துவக் கதைகளில் நோய்தான் பகை. இங்கே கடிகாரமும் பகை. நல்லவர் தீயவர் என்ற பிரிவின்றியே கதைக்கு வேகம் கிடைக்கிறது. வில்லன் இல்லாத கதை பதினைந்து ஆண்டு நின்றது என்பது, மாமியாரும் நாத்தனாரும் சதி செய்யாவிட்டால் தொடர் நகராது என்று எண்ணுவோர் சிந்திக்க வேண்டிய ஒன்று.

நான்காம் கூறு

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன். இந்த நான்காம் கூற்றினனுக்கு அவர் தரும் பெயர் உழைச்செல்வான். மருத்துவனுக்கு நிகராக அவனையும் ஒரு கூறாக எண்ணியது வள்ளுவரின் அறிவு. மருந்தை ஆக்குபவன் ஒருவன், சொல்பவன் ஒருவன். அதை வேளையறிந்து நோயாளியின் வாயில் சேர்ப்பவன் இல்லையேல் இருவர் அறிவும் வீண்.

‘ஈ.ஆர்.’ தொடரின் நிலைபேற்றை இந்நான்காம் கூற்றில் காணலாம். தலைமைச் செவிலி கேரல் ஹாத்தவே என்பவள் முதற்பகுதியிலேயே அளவுக்கு மீறி மாத்திரை உண்டு, தான் பணிபுரியும் அதே அவசரப் பிரிவுக்குத் தூக்கிவரப்படுகிறாள். நாள்தோறும் அவளோடு நின்று பிறரைக் காத்தவர்கள் இப்போது அவளைக் காக்கப் போராடுகிறார்கள். எழுதியவரின் திட்டப்படி அவள் இறந்திருக்க வேண்டும். முன்னோட்டமாகப் பார்த்தவர்கள் அவளை விரும்பினர். ஆகவே அவள் உயிர் பிழைத்தாள். அப்பாத்திரத்தில் நடித்த ஜூலியானா மார்குலீஸ் 1995-இல் எம்மி விருது பெற்றார். ஆறு ஆண்டுகள் அவள் கதையின் நடுவில் நின்றாள். இறந்து போக வேண்டிய ஒரு செவிலியை, பார்வையாளரின் அன்பு மீட்டது என்றே இதைச் சொல்லலாம்.

காதல் கதைகளும் தொடரில் உண்டு. ஆனால் அவை தாழ்வாரத்தில், இரு நோயாளிகளுக்கு இடைப்பட்ட மூன்று நிமிடத்தில் நடந்தன. ஸ்ரீதரின் படத்தில் காதலுக்காக மருத்துவமனை இருந்தது. இங்கே மருத்துவமனையின் வேலை காதலுக்கு நேரம் விட்டுவைக்கவில்லை. முன்னது உணர்வின் உயரத்தால் நிற்கிறது. பின்னது உழைப்பின் உண்மையால் நிற்கிறது. ஒன்றை ஏற்றி மற்றதை இறக்குவது இவ்வுரையின் நோக்கமன்று. தமிழுக்கு முதல்வகை கைவந்துவிட்டது. இரண்டாம் வகை இன்னும் போதிய அளவு கைவரவில்லை என்பதே சொல்ல வருவது.

தோற்ற இரவு

மருத்துவர் வெல்லும் கதைகளால் மட்டும் இத்தொடர் நினைக்கப்படவில்லை. 1995 மார்ச் 9 அன்று ஒளிபரப்பான ஒரு பகுதி இன்றும் பேசப்படுகிறது. நிறைசூலி ஒருத்தி சிறு தொல்லை என்று வருகிறாள். அன்பும் திறமும் உள்ள மருத்துவர் மார்க் கிரீன் சிறுநீர்த் தொற்று என்று கருதி அனுப்பிவிடுகிறார். அவள் வலிப்புடன் திரும்பி வருகிறாள். அது பேறுகால வலிப்பு நோய். ஒரு மணி நேரப் பகுதியின் பெரும்பாலும் அந்த ஒரு பிரசவமே. குழந்தை பிழைக்கிறது, தாய் இறக்கிறாள். பிள்ளையை ஏந்தி ஆட்டிக்கொண்டிருக்கும் கணவனிடம் மருத்துவர் செய்தியைச் சொல்கிறார். சொற்கள் நமக்குக் கேட்பதில்லை, கண்ணாடிக்கு அப்பால் காட்சி மட்டும் தெரிகிறது. பிறகு அவர் இரயிலில் தனியே அமர்ந்து அழுகிறார். அதை எழுதிய லான்ஸ் ஜென்டில் தாமே அவசரப் பிரிவு மருத்துவர். எழுத்துக்கும் இயக்கத்துக்குமாக அப்பகுதி எம்மி விருதுகளை வென்றது.

இத்தகைய இரவு தமிழ்நாட்டுக்கும் அயலன்று. 1890-களில் திண்டிவனத்தில் ஓர் இரவு. மருத்துவப் பாதிரியாரின் மகளான இளம்பெண் ஐடா ஸ்கடரிடம் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். மூவர் மனைவியரும் பேறுகால இடரில் இருந்தனர். ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு மூவரும் இசையவில்லை. அவளோ மருத்துவம் கற்றவள் அல்லள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே அவரை மருத்துவம் கற்கச் செய்தது. 1900-இல் மருத்துவராகத் திரும்பினார். 1902-இல் வேலூரில் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. இன்றைய வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வேர் அந்த மூன்று சாவுகளில் இருக்கிறது.

தோல்வியை ஒப்புக்கொள்ளும் கதையே நம்பிக்கையைத் தருகிறது என்பது முரண்போல் தோன்றலாம். ஆனால் நோயாளியின் உறவினர் அறிவர்: மருத்துவர் கடவுள் என்ற பேச்சு அவர்களுக்கு உதவுவதில்லை, தம்மைப் போல் அஞ்சும் ஒரு மனிதர், அச்சத்தோடே கைநடுங்காமல் வேலை செய்கிறார் என்பதுதான் உதவுகிறது. சதையை வெட்டினாலும் காயத்தைத் தீய்த்தாலும் வைத்தியனை வெறுக்க முடியாத நோயாளியைக் குலசேகர ஆழ்வார் இறைவனிடம் கொண்ட அன்புக்கு உவமை ஆக்கினார். வைத்தியனை ஆழ்வார் தெய்வமாக்கவில்லை. தெய்வத்தை விளக்க வைத்தியனை அழைத்தார். அந்த வேறுபாடு நுட்பமானது.

கதை சொன்ன பொய்

புகழ்ந்து மட்டும் செல்வது ஆய்வாகாது. இத்தகைய தொடர்கள் ஒரு பொய்யையும் பரப்பின. நின்றுபோன இதயத்தை மார்பை அழுத்தி இயக்கும் முயற்சி பற்றி 1996-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ‘ஈ.ஆர்.’ உள்ளிட்ட மூன்று தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். அவற்றில் அம்முயற்சிக்கு ஆளானவருள் 75 விழுக்காட்டினர் அந்நேரத்தில் பிழைத்தனர்; 67 விழுக்காட்டினர் வீடு திரும்புவது போலவும் காட்டப்பட்டனர். மெய்யான மருத்துவமனைகளில் பிழைப்போர் இதைவிட மிகக் குறைவு.

இதன் விளைவு சிறிதன்று. திரையில் பத்துக்கு ஏழுபேர் எழுவதைக் கண்டவர், தம் தந்தை எழாதபோது யாரோ தவறு செய்தார் என்று எண்ணுவார். காப்பாற்ற முடியாத உயிருக்காகச் செவிலியின் மேல் கை ஓங்கப்படும் செய்திகள் நாளிதழ்களில் வருகின்றன. கதை தரும் நம்பிக்கை அளவு கடந்தால், கடைசியில் அது உழைச்செல்வானின் கன்னத்தில் அறையாக விழக்கூடும். முடிவைப் பாட்டுக்கு வெளியே விட்ட அரிசில் கிழாரின் அடக்கம் இங்கே மீண்டும் நினைவுக்கு வருகிறது. அவன் பிழைத்தான் என்று பொய் சொல்லவில்லை அவர். காக்க வாருங்கள் என்று மட்டுமே பாடினார்.

ஆள் மாறும், வாயில் மாறாது

நிலைபேற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பதினைந்து ஆண்டில் முதற்பகுதியின் நடிகர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினர். மார்க் கிரீன் மூளைக்கட்டியால் 2002-இல் இறந்தார். நாயகன் இறந்தால் கதை முடியும் என்பது வழக்கம். இங்கே மறுநாளும் வண்டி வந்தது, மறுநாளும் கதவு திறந்தது. முதற்பகுதியில் ஊசி போடக் கைநடுங்கிய மாணவன் ஜான் கார்ட்டர் பின்னாளில் மாணவர்க்கு ஆசிரியனானான். 2009 ஏப்ரல் 2 அன்று ஒளிபரப்பான இறுதிப்பகுதியில் மார்க் கிரீனின் மகள் மருத்துவ மாணவியாகும் விருப்பத்தோடு அதே வாயிலுக்கு வருகிறாள். பெரிய விபத்து ஒன்றில் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் வரிசையாக வருகின்றன, எல்லோரும் ஓடுகிறார்கள், ஒளிப்படக் கருவி பின்வாங்கி மருத்துவமனையின் முழுத்தோற்றத்தைக் காட்டுகிறது. முடிவு என்று ஒன்று காட்டப்படவில்லை. அடுத்த நோயாளி வந்துகொண்டிருக்கிறார் என்பதுதான் முடிவு.

அந்த மாணவனாக நடித்த நோவா வைல், 2025-இல் தொடங்கிய ‘தி பிட்’ என்னும் தொடரில் நரைகண்ட மூத்த மருத்துவராக மீண்டும் அவசரப் பிரிவுக்கு வந்தார். பணிநேரத்தின் ஒரு மணிக்கு ஒரு பகுதி என முதற் பருவத்தில் பதினைந்து பகுதிகள். அவ்வாண்டின் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது அதற்குக் கிடைத்தது. முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பின்னும் அதே அறை, அதே ஓட்டம், அதே ஈர்ப்பு. பார்வையாளர்க்குத் தேவைப்படுவது புதுமையன்று. யாரேனும் விழித்திருக்கிறார்கள் என்ற உறுதி.

அந்த உறுதிதான் இவ்வுரை தேடிய விடை. அவசரப் பிரிவின் வாயிலில் சாதி கேட்பதில்லை, பணம் முதலில் கேட்பதில்லை, குற்றவாளியா நிரபராதியா என்று கேட்பதில்லை; குருதி எங்கிருந்து வடிகிறது என்பதே முதல் கேள்வி. நடைமுறையில் இந்த அறம் எத்தனையோ இடங்களில் பிறழ்வதுண்டு. பிறழ்வதனாலேயே அது கதையில் தேவைப்படுகிறது. ஊர் உறங்கும்போது ஒரு விளக்கு எரிகிறது, அதன் கீழ் அயலான் உயிருக்காக ஒருவர் நிற்கிறார் என்பதைக் காண மக்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

கல் நடப்படாதவர்கள்

2008-ஆம் ஆண்டு ஒரு விந்தையான ஆண்டு. அவ்வாண்டு அக்டோபர் 20 அன்று ஸ்ரீதர் மறைந்தார். நவம்பர் 4 அன்று கிரைட்டன் மறைந்தார். மருத்துவமனையைக் கதைக்களமாக்கிய இருவர் ஏறத்தாழ இரு வார இடைவெளியில் சென்றனர். அவர்கள் மறைவுக்குச் சற்று முன், செப்டம்பர் 15 அன்று, தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தித் திட்டம் தொடங்கியது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியதும் அவ்வாண்டே. கதை சொன்னவர்கள் போன ஆண்டில், கதைக்கு வேண்டிய களம் இம்மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தது.

ஏரியூர்ப் பக்கத்தில் அந்த வண்டி ஓடும் வழி எளிதன்று. ஒருபுறம் பென்னாகரம் வழியே தருமபுரிக்குச் செல்லும் நெடும்பாதை. மறுபுறம் 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. நாகமரைத் துறையில் நீர் நிறைந்தால் அக்கரை கண்ணுக்குத் தெரியும், கால் எட்டாது. இத்தகைய ஊரில் பேறுகால வலி கண்டவளை ஏற்றிக்கொண்டு இரவில் செல்லும் ஓட்டுநரின் மனத்தில் ஓடுவது என்ன? பின்னால் குனிந்து நின்று நாடி பார்க்கும் உதவியாளர் அந்தக் குலுங்கலில் எதைப் பற்றிக்கொள்கிறார்? துணைச் சுகாதார நிலையத்தில் தனித்து இருக்கும் கிராமச் செவிலியின் கதவை இரவில் தட்டும் ஓசை எப்படி ஒலிக்கிறது? பதினைந்து ஆண்டுத் தொடருக்கு வேண்டிய பொருள் இங்கே இருக்கிறது. ஒரு நல்ல கவிதைக்கு வேண்டியது அதைவிட மிகுதியாக இருக்கிறது.

தருமபுரி மாவட்டம் நடுகற்கள் நிறைந்தது. ஆநிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் உண்டு. ஊர் காத்து வீழ்ந்தவனுக்குக் கல் உண்டு. வயல் வரப்பிலும் புளியமரத்தடியிலும் அவர்கள் வில்லேந்தி நிற்கிறார்கள். ஆனால் அந்த வீரனின் புண்ணுக்கு வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, இரவெல்லாம் கண்விழித்தவளுக்குக் கல் இல்லை. அவளுக்கு ஒரு புலவர் பாட்டு எழுதினார். கல்லைவிட அது நீடித்தது.

அமெரிக்கத் தொடர் பதினைந்து ஆண்டில் செய்ததை அரிசில் கிழார் சில அடிகளில் செய்துவிட்டார் என்று பெருமை பேசி அமைவதற்கு இச்செய்தி சொல்லப்படவில்லை. அவர் தம் காலத்து அறைக்குள் சென்று பார்த்தார், யார் என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணினார், எண்ணியதை எழுதினார். இக்காலத்து அறை வேறு. வேப்பிலை இருந்த இடத்தில் உப்புநீர்ப் புட்டி தொங்குகிறது. மணியோசை இருந்த இடத்தில் இதயத்துடிப்புக் கருவி ஒலிக்கிறது. அதற்குள் சென்று ஒவ்வொன்றாக எண்ணும் வேலை மட்டும் அப்படியே காத்திருக்கிறது.

வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் அந்த வேலையை எவரேனும் ஒருவர் தொடங்கட்டும். மருத்துவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. பிழைத்தார் என்று பொய் சொல்ல வேண்டியதுமில்லை. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டது, ஒருத்தி எழுந்து விளக்கேற்றினாள் என்று தொடங்கினாலே போதும்.